எதிர்வீட்டுக்குப் போன ஃபிரிட்ஜ்

தையலக்காவிடம் யாரும் ஒரு வாக்கியத்தை முழுசாகச் சொல்லி முடித்ததில்லை. முதல் பாதி காதில் விழுந்தால் போதும், மறுபாதியை அவளே வெட்டித் தைத்துப் பட்டனும் வைத்துவிடுவாள். துணி கொடுக்க வருகிறவர் "கை மட்டும் கொஞ்சம்..." என்று ஆரம்பித்தால், "நீளமா வேணும், அதானே" என்று டேப்பை உருவிவிடுவாள். குட்டையாகக் கேட்க வந்த அந்த மனிதர் பாவம், நீளக் கையை வாங்கிக்கொண்டு மடித்துவிட்டபடி திரிவார். ஆனால் தையலில் ஒரு குறை சொல்ல முடியாது. அதனால் யாரும் சண்டைக்கு வருவதில்லை.

அன்றைக்குப் போட்டோக்காரி போனில் பேசியபோதும் அதே கதைதான் நடந்தது.

போட்டோக்காரி யார் என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். சண்டை நடந்த காலத்தில் இந்தத் தெருவில் குண்டு விழுந்து, தையலக்கா வீட்டின் முன்சுவர் அப்படியே பெயர்ந்து போனது. அதற்கு முன்பே குடும்பத்தோடு ஓடிப்போய் ஒரு பள்ளிக்கூடத்து வகுப்பறையில் பல மாதம் கிடந்தார்கள். ஓய்ந்தது என்று திரும்பி வந்தால், அடுத்த மழையில் ஆறு உள்ளே புகுந்து மிச்சம் மீதியையும் வாரிக்கொண்டு போனது. பட்ட காலிலே படும், கெட்ட குடியே கெடும் என்பார்களே, அதேதான். அந்த நேரத்தில் கழுத்தில் கேமராவோடு இவள் வந்து நின்றாள். சண்டையிலும் வெள்ளத்திலும் அகப்பட்ட குடும்பங்களைப் படம் எடுத்துப் பத்திரிகைக்குக் கொடுப்பது அவள் வேலை.

அப்படி வந்தவர்களுக்கு அப்போது பஞ்சமில்லை. வருவார்கள், "கொஞ்சம் அந்தப் பக்கம் பாருங்க" என்பார்கள், போய்விடுவார்கள். இவள் மட்டும் முதல் நாள் கேமராவை மூலையில் வைத்துவிட்டு வெங்காயம் உரிக்க உட்கார்ந்தாள். முகம் பழகாமல் படம் எடுப்பதில்லை என்பது அவள் வழக்கம். மறுநாள் எடுத்தாள். சுவர் இல்லாத வீட்டில், தார்ப்பாய்க்குக் கீழே, தெருவே பார்த்துக்கொண்டிருக்கத் தையலக்கா மிஷினை மிதிக்கிற படம். அது எங்கெங்கோ போய் வந்ததாகச் சொன்னார்கள். மற்றவர்களாக இருந்தால் அத்தோடு ஆளைக் காணாது. இவள் மறுவருஷமும் வந்தாள், அதற்கடுத்த வருஷமும் வந்தாள். வரும்போதெல்லாம் போன முறை எடுத்த படங்களை அச்சடித்துக் கொண்டுவந்து கொடுத்தாள். வீட்டில் இருந்த பழைய படங்கள் எல்லாம் ஆற்றோடு போய்விட்டன. மகள் குட்டியின் மூன்று வயது முகம் இன்றைக்கும் இருக்கிறது என்றால் அது போட்டோக்காரியின் புண்ணியம். தையலக்கா அவளைத் தங்கச்சி என்று கூப்பிட்டது வாய் வார்த்தைக்காக இல்லை.

சரி, போனுக்கு வருவோம்.

"அக்கா, அடுத்த வாரம் வர்றேன். உங்க வீட்டுல இதுதான் கடைசிப் படம். இது அமையலைன்னா நான் இத்தன வருஷம் எடுத்ததுக்கே அர்த்தம் இல்லாமப் போயிடும். அதனால வீட்ட..."

"புரிஞ்சுது தங்கச்சி. நீ ஒண்ணும் சொல்ல வேணாம். வீட்ட நான் பாத்துக்கறேன்."

"இல்லக்கா, முழுசாக் கேளுங்க..."

"அடுப்புல பால் பொங்குது, வெச்சிடறேன்."

பாலும் இல்லை, அடுப்பும் எரியவில்லை. அவளுக்கு உடனே குடும்பத்தைக் கூட்ட வேண்டியிருந்தது.

குடும்பம் என்றால் மூன்று பேர். பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருக்கும் கணவர், ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம். அவருடைய பங்கையும் சேர்த்துப் பேசுகிற அவர் தம்பி, தையலக்காவின் கொழுந்தன். தெரு முழுக்க அவனுக்கு ரேடியோ என்று பெயர். அப்புறம் குட்டி.

"போன வருஷம் அவ வந்தப்ப சுவரு எழுப்பி முடிச்சிருந்தோம்," என்று தையலக்கா ஆரம்பித்தாள். "அவ எடுத்த படத்தப் பத்திரிகைக்காரன் தூக்கிப் போட்டுட்டானாம். 'இதுல என்ன இருக்கு, சுவரு இருக்கு'ன்னானாம். போன்ல சிரிச்சுக்கிட்டேதான் சொன்னா. அது சிரிப்பா? எனக்குத் தெரியாதா? இப்ப ஃபிரிட்ஜ் வேற வந்திருக்கு. ஃபிரிட்ஜையும் எடுத்துட்டுப் போயிக் காட்டினா அவ வேலைக்கே உலை வெச்சிடுவாங்க."

"அதுக்கு?" என்றார் மெக்கானிக்.

"அதுக்கு ஃபிரிட்ஜ் இருக்கக் கூடாது."

ஃபிரிட்ஜைப் பற்றிச் சொல்லாமல் இந்த இடத்தைத் தாண்ட முடியாது. ரெண்டு கதவு வைத்தது. சண்டைக்குப் பிறகு அந்த வீட்டுக்குள் புத்தம் புதுசாக வந்த முதல் பெரிய சாமான். வந்த அன்று தெருவே வந்து கதவைத் திறந்து திறந்து பார்த்தது. குட்டி அதன் மேல் ஒட்டாத ஸ்டிக்கர் இல்லை. வீட்டுக்கு யார் வந்தாலும், கேட்டாலும் கேட்காவிட்டாலும், பல் கூசுகிற குளிரில் ஒரு டம்ளர் தண்ணீர் கையில் திணிக்கப்பட்டது. சளி பிடித்தவர்களுக்கும் விலக்கு இல்லை. அப்படிப்பட்ட ஃபிரிட்ஜை இல்லாமல் ஆக்குவது என்றால் அவளுக்கு எவ்வளவு பெரிய மனசு வேண்டும் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

"நாம நல்லா இருந்தா அவளுக்குச் சந்தோசமாத்தானே இருக்கும்," என்றார் மெக்கானிக். அது அவருக்கு நீண்ட பேச்சு.

"சந்தோசம் சோறு போடுமா? நாம சுவரு இல்லாமக் கெடந்தப்ப நம்மளத் தேடி வந்தவ அவ. அவளுக்கு ஒரு நாள் நாம கஷ்டப்பட்டாக் கொறைஞ்சா போயிடுவோம்?"

"அண்ணி, நான் வேணா நொண்டறேன்," என்றான் ரேடியோ.

"நீ சும்மா இருந்தாலே பாதிக் கஷ்டம் தெரியும். நொண்ட வேணாம்."

போட்டோக்காரி வருகிற நாள் காலையில் ஃபிரிட்ஜ் எதிர்வீட்டு பேக்கரிக்குப் போனது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்று சொல்வார்கள். ரெண்டு கதவு ஃபிரிட்ஜை ரொட்டிக்குள் மறைக்கிற வேலையை அன்றைக்குத்தான் அந்தத் தெரு பார்த்தது. பேக்கரி அண்ணன் விவரம் கேட்டார். சொன்னார்கள். அவருக்குப் புரியவில்லை. ஆனால் வெயில் காலத்தில் ஒரு ஃபிரிட்ஜ் தானாக நடந்து கடைக்குள் வந்தால் யார் வேண்டாம் என்பார்கள். ஜன்னல் திரைகளைக் கழற்றி டிரங்குப் பெட்டிக்குள் வைத்தார்கள். மிக்ஸி கட்டிலுக்கு அடியில் போனது. பரணில் கிடந்த பழைய தார்ப்பாயை ரேடியோ தேடி எடுத்து, எங்கே கட்டுவது என்று தெரியாமல், நன்றாக இருந்த சுவருக்கு மேலேயே ஆணி அடித்துத் தொங்கவிட்டான். "வெட்டிட்டு வான்னாக் கட்டிட்டு வர்றான் பாரு," என்று தையலக்கா மெச்சிக்கொண்டாள்.

மெக்கானிக் மட்டும் ஒரு ஓரமாக உட்கார்ந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். அவரை நடிக்கச் சொல்ல வேண்டிய அவசியமே இருக்கவில்லை, முகம் தானாகவே தொங்கிப் போயிருந்தது.

போட்டோக்காரி வாசலில் செருப்பைக் கழற்றும்போது சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். உள்ளே வந்தாள். தார்ப்பாயைப் பார்த்தாள். திரை இல்லாத ஜன்னலைப் பார்த்தாள். சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கியது. பையைத் தோளிலிருந்து எடுக்காமல் அப்படியே நின்றாள்.

"என்னக்கா ஆச்சு?"

"என்ன ஆகணும். வழக்கம்போலதான். உக்காரு."

"மறுபடியும் ஏதாவது...? சண்ட திரும்பிடுச்சா? எனக்கு ஒண்ணும் தெரியாமப் போச்சே."

ரேடியோ இருமினான். தையலக்கா ஒரு பார்வை பார்த்தாள், இருமல் நின்றது.

போட்டோக்காரி தரையில் உட்கார்ந்தாள். வழக்கமாக வந்தவுடன் வெங்காயக் கூடையைத் தேடுகிறவள், அன்றைக்கு எதையும் தேடவில்லை. குடிக்கக் கொஞ்சம் தண்ணீர் கேட்டாள். தையலக்கா எழுந்து மூலைக்குப் போய்க் கையை நீட்டினாள். கை, இல்லாத கதவின் இல்லாத கைப்பிடியை இழுத்தது. ஒரு நொடி அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அப்படியே கையை மேலே கொண்டுபோய் ஒட்டடை தட்டுகிற மாதிரி ரெண்டு தட்டுத் தட்டிவிட்டு, குடத்திலிருந்து தண்ணீர் மொண்டுவந்தாள். அதைப் பார்த்த குட்டிக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது, கொல்லைப் பக்கம் ஓடிவிட்டாள்.

தண்ணீரை வாங்கிக்கொண்டு போட்டோக்காரி குடிக்கவில்லை. டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கண்ணிலிருந்து நீர் இறங்கியது.

அப்பாடா என்று இருந்தது தையலக்காவுக்கு. எடுக்கிறவளே அழுகிறாள் என்றால் பார்க்கிறவன் கதறுவான். படம் பிரமாதமாக வரும், தங்கச்சிக்கு ஒரு குறையும் வராது. அவள் தலையைக் கொஞ்சம் சாய்த்து, ஜன்னல் வெளிச்சம் முகத்தில் விழுகிற மாதிரி உட்கார்ந்து, கேமரா வெளியே வருவதற்காகக் காத்திருந்தாள்.

கேமரா வரவில்லை.

"எடு தங்கச்சி," என்றாள் மெதுவாக. "வெளிச்சம் போறதுக்குள்ள எடுத்துடு."

"எதுக்குக்கா எடுக்கணும்."

"உன் பத்திரிகைக்குத்தான்."

"அந்தப் பத்திரிகைய விட்டு நான் வந்தே மாசக்கணக்கா ஆச்சு. அதச் சொல்லத்தான் போன் பண்ணேன், நீங்க பால் பொங்குதுன்னு வெச்சிட்டீங்க."

தையலக்கா வாயைத் திறந்தாள். வழக்கமாக இந்த இடத்தில் மறுபாதி தயாராக இருக்கும். இந்தத் தடவை இல்லை.

போட்டோக்காரி முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னாள். இப்போது அவள் வேறொரு ஊரில், சண்டையில் வீடு இழந்து வந்தவர்கள் இருக்கிற முகாமில் வேலை செய்கிறாள். அங்கே ஒரு தாழ்வாரத்தில் கயிறு கட்டி, இத்தனை வருஷம் தான் எடுத்த குடும்பங்களின் படங்களைத் துணி காயப் போடுகிற மாதிரித் தொங்கவிட்டிருந்தாள். முகாமுக்குப் புதிதாக வந்த ஒரு பெண், தார்ப்பாய்க்குக் கீழே தையலக்கா மிஷின் மிதிக்கிற படத்துக்கு முன்னால் வந்து நின்றாள். நகரவே இல்லை.

"'அப்புறம்?'னு கேட்டாக்கா. நான் எத்தனையோ பேருக்குப் படம் காட்டியிருக்கேன். ஐயோன்னு சொல்லுவாங்க, பாவம்னு சொல்லுவாங்க. யாரும் அப்புறம்னு கேட்டதில்ல. போன வருஷப் படத்தக் காட்டினேன். பாத்துட்டு, 'சுவரு வந்திருச்சு, சரி. வாழறாங்களா?'ன்னு கேட்டா."

ரேடியோ தான் ஆணி அடித்த தார்ப்பாயைத் திரும்பிப் பார்த்தான்.

"வாழறாங்கன்னு சொன்னேன். 'காட்டு'ன்னா. போயி எடுத்துட்டு வர்றேன்னு வாக்குக் குடுத்துட்டு வந்திருக்கேன். உங்க படத்துக்குப் பக்கத்துல கயித்துல இடம் விட்டு வெச்சிருக்கேன். அதனாலதான் வீட்ட ஒண்ணும் ஒதுக்காதீங்க, ஒளிக்காதீங்க, இருக்கற மாதிரியே இருக்கட்டும்னு சொல்ல வந்தேன். இங்க வந்து பாத்தா..." அவள் தார்ப்பாயைக் காட்டினாள். "நான் அவகிட்டப் போயி என்னத்தச் சொல்லுவேன்? நல்லா இருக்காங்கன்னு பொய் சொல்ல என்னால முடியாது. இதக் காட்டவும் முடியாது."

அவள் பேசி முடித்தாள். முழுசாக முடித்தாள். தையலக்காவுக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. இவள் கேட்டது நம் வாழ்க்கையை. நாம் எடுத்து வைத்தது நம் கஷ்டத்தை. அதுவும் பரணிலிருந்து இறக்கி, ஆணி அடித்து. அந்த முகாமில் யாரோ ஒரு புண்ணியவதி, முகம் தெரியாதவள், இந்த வீட்டில் சோறு வேகிறதா என்று தெரிந்துகொள்ளக் காத்திருக்கிறாள். இங்கே நான் மிக்ஸியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். வெட்கமாக இருந்தது. அழுகையும் வந்தது. அவள் அழுதால் சீக்கிரம் நிற்காது என்பதால் முந்திக்கொண்டு பேசினாள்.

"தங்கச்சி, அழாத. எங்ககிட்ட ஃபிரிட்ஜ் இருக்கு."

போட்டோக்காரி நிமிர்ந்து பார்த்தாள்.

"ரெண்டு கதவு," என்றான் ரேடியோ.

"எங்க?"

"எதிர்ல. பேக்கரில. உனக்கு வேலை போயிடுமோன்னு..." தையலக்கா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். மெக்கானிக்தான் சொன்னார், சுருக்கமாக, ஒன்றையும் விடாமல். அன்றைய தேதிக்கு உண்டான பத்து வார்த்தையும் அதிலேயே தீர்ந்துவிட்டது. கேட்கக் கேட்கப் போட்டோக்காரியின் முகம் என்னென்னவோ ஆனது. கோபம் மாதிரி ஒன்று வந்தது, அது பாதியிலேயே உடைந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் சாய்ந்து சிரித்தாள். சிரித்து முடித்தவுடன் தையலக்காவின் முதுகில் ஒரு அடி வைத்தாள். தங்கச்சி அடிக்கிற அடிதான், ஆனால் நன்றாகவே வலித்தது.

ஃபிரிட்ஜைத் திருப்பிக் கொண்டுவருவது, கொடுத்ததைப் போலச் சுலபமாக இல்லை. பேக்கரி அண்ணன் அதற்குள் அது நிறைய சோடாவை அடுக்கி வியாபாரத்தைத் தொடங்கியிருந்தார். "சாயங்காலம் வரைக்குமாவது இருக்கட்டுமே," என்றார். தையலக்கா இடுப்பில் கை வைத்ததைப் பார்த்ததும் பாட்டில்களை இறக்க ஆரம்பித்தார். மெக்கானிக்கும் ரேடியோவும் ஒரு பக்கம், பேக்கரி அண்ணனும் சோடா குடிக்க வந்த ஒரு லாரி டிரைவரும் இன்னொரு பக்கம் பிடித்துத் தூக்கினார்கள். போட்டோக்காரி கேமராவை எடுத்துக்கொண்டு நடுத்தெருவில் இறங்கினாள். அவர்களைப் பார்த்தபடி பின்னோக்கி நடந்துகொண்டே எடுத்தாள்.

திடீரென்று கேமராவை இறக்கினாள்.

"இது வேணாம்."

"ஏன், நான் கண்ண மூடிட்டேனா?" என்றான் ரேடியோ.

"அது இல்ல. இதுவரைக்கும் நான் எடுத்ததுல பாதி இந்தப் படம்தான். சாமானத் தூக்கிட்டுத் தெருவுல போற ஆளுங்க. அவளும் அப்படித்தான் முகாமுக்கு வந்திருக்கா. இதப் பாத்தா, ஐயோ, இவங்களும் மறுபடி கெளம்பிட்டாங்களேன்னுதான் நெனப்பா."

நான்கு பேரும் ஃபிரிட்ஜோடு நின்றார்கள். தெருக்காரர்கள் மூன்று பேருக்கும் பழசு ஞாபகம் வந்திருக்க வேண்டும். இதே தெருவில்தான், இதே மெக்கானிக், தையல் மிஷினின் தலைப்பாகத்தை மட்டும் கழற்றித் தோளில் வைத்துக்கொண்டு ஓடினார். ஒரு கையில் குட்டி.

"சிரிச்சாத் தெரியும்ல," என்று ரேடியோ யோசனை சொன்னான். நான்கு பேரும் சிரித்தார்கள். அந்தக் கனத்தைத் தூக்கிக்கொண்டு சிரித்தால் எப்படி இருக்கும், பல்வலிக்காரர்கள் வரிசையில் நிற்கிற மாதிரி இருந்தது. போட்டோக்காரி தலையை ஆட்டினாள். "உள்ள கொண்டுபோயிடுங்க. அடுப்படில வெச்சுப் பாத்துக்கலாம்."

தையலக்கா அதற்குள் முன்னால் ஓடிக் கதவை விரியத் திறந்து வைத்திருந்தாள். அவளுக்கு அப்போது படம், முகாம், கயிறு எதுவும் நினைவில் இல்லை. ஃபிரிட்ஜின் முதுகு மூலை நேராகக் கதவு நிலையைப் பார்த்து வந்துகொண்டிருந்தது, அது மட்டும்தான் கண்ணில் பட்டது.

"ஏய், ஏய், நிலை, நிலை. இடிச்சுடாதீங்க. போன வாரம்தான் பெயிண்ட் அடிச்சது, ரெண்டு கோட்டு. ரேடியோ, உன் பக்கம் தூக்குடா. வாய்தான் உனக்கு வேலை செய்யுது. இவரப் பாரு, பஸ்ஸத் திருப்பற மாதிரித் திருப்பறாரு. ஒரு கீறல் விழுந்துச்சு, இன்னிக்கு யாருக்கும் சாப்பாடு கெடையாது."

சொல்லிக்கொண்டே ஒரு காலை வாசல்படியில் ஊன்றி, நிலைக்கும் ஃபிரிட்ஜுக்கும் நடுவே தன் உள்ளங்கையை வைத்து அழுத்திக்கொண்டாள். கை நசுங்கினாலும் சரி, பெயிண்ட் நசுங்கக் கூடாது. முகத்தில் அவ்வளவு கோபம். அவளுடைய இடுப்புக்குப் பக்கத்தில் குட்டி தலையை நீட்டி, பல்லெல்லாம் தெரிய வேடிக்கை பார்த்தாள்.

கேமரா சத்தம் கேட்டது. ஒரே ஒரு தடவை.

ஃபிரிட்ஜ் மூலையில் போய் நின்று, பிளக் மாட்டி, உறும ஆரம்பித்த பிறகு எல்லோரும் கேமராவின் பின்திரையைச் சுற்றிக் குனிந்தார்கள்.

"ஐயே, சண்டைக்காரி மாதிரி இருக்கேன்," என்றாள் தையலக்கா. "இதையா காட்டப் போற? வேற எடு. தல சீவிட்டு வர்றேன்."

"இதுதான்," என்றாள் போட்டோக்காரி.

மெக்கானிக் ரொம்ப நேரம் அந்தப் படத்தைப் பார்த்தார். அவர் கணக்குப்படி அன்றைக்குப் பேச வார்த்தை மிச்சம் இல்லை. ஆனாலும் பேசினார்.

"அன்னிக்கு ஓடினப்ப நாம கதவக்கூடச் சாத்தல," என்றார்.

தையலக்கா எழுந்து போய்த் தார்ப்பாயைச் சுவரிலிருந்து பிடுங்கினாள். ஆணி அடித்த ஓட்டைகளைப் பார்த்து ரேடியோவுக்குத் தனியாக ஒரு அர்ச்சனை நடந்தது. போட்டோக்காரி வெங்காயம் உரித்தாள். எல்லோரும் குளிர்ந்த தண்ணீரும் பேக்கரி அண்ணன் விட்டுப்போன சோடாவும் குடித்து, போதும் போதும் என்கிற வரைக்கும் சாப்பிட்டார்கள்.

முகாமுக்குத் திரும்பிய பிறகு போட்டோக்காரி போன் செய்தாள். தையலக்கா மிஷினை நிறுத்திவிட்டு எடுத்தாள்.

"படத்தத் தொங்கவிட்டேன்கா. அவ வந்தா. பக்கத்துலயே நின்னு ரொம்ப நேரம் பாத்தா."

"அழுதாளா?"

"இல்ல."

"சிரிச்சா. என் மூஞ்சியப் பாத்துச் சிரிச்சிருப்பா."

"அதுவும் இல்லக்கா. என் படமெல்லாம் கறுப்பு வெள்ளைதானே. அந்தக் கதவு நிலைக்கு என்ன கலர் அடிச்சிருக்காங்கன்னு கேட்டா."

தையலக்கா திரும்பி வாசலைப் பார்த்தாள். வெயில் நிலையின் மேல் ஏறிக்கொண்டிருந்தது.

"கரும்பச்சை," என்றாள். "புள்ளைங்க கை பட்டாலும் அழுக்குத் தெரியாதுன்னு சொல்லு."